கண் மூடியிருந்த கேள்வித்தாள்

18 நவம்பர் 2014, செவ்வாய்

மகள் ஜெனியின் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன்.

அவள் இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுக்கிறாள். பாடக் குறிப்புகளைக் காலேஜ் வலைத்தளத்தில் அடுக்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவில் இருந்தவள், "அப்பா, ஒவ்வொண்ணையும் அதது யூனிட்டுக்குள்ள இழுத்துப் போட்டா மதி, வேற ஒண்ணும் செய்யண்டாம்" என்று நேற்று லாப்டாப்பை என்னிடம் தந்தாள். கருங்கல் ஊரில் பலசரக்குக் கடை நடத்துகிறவனுக்கு அடுக்கச் சொல்லித்தர வேண்டுமா? பத்தாம் வகுப்புக்காரனுக்கு புரொபசர் ஆகிவிட்ட மிதப்பு வேறு. சில கோப்புகளின் பக்கத்தில் மூடிய கண் மாதிரி ஒரு படம் இருந்தது. சரக்கை மறைத்து வைத்தால் எவன் வாங்குவான் என்று எல்லாக் கண்களையும் தட்டித் திறந்துவிட்டேன்.

மாணவர் கண்ணில் படாமல் அவள் அப்படி மறைத்திருந்த கோப்புகளில் ஒன்று வியாழக்கிழமைப் பரீட்சையின் கேள்வித்தாள். வகுப்பு முழுக்க எடுத்துவிட்டார்களாம். இன்று துறைத்தலைவர் போனில் கத்தியது அடுக்களை வரை கேட்டது. "நான்தான் சார், கவனிக்கல்ல" என்றாள் ஜெனி. நாளை முதல்வர் வரச் சொல்லியிருக்கிறார்.

"நானும் வாறேன் மக்கா. என் மடத்தனம்னு சொல்லுதேன்."

"வேண்டாம்ப்பா. பாஸ்வேர்டை வீட்டுல குடுத்தேன்னு தெரிஞ்சா அப்பமே வெளிய போவச் சொல்லுவினும்."

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தூக்கமாவது வந்திருக்கும்.

இப்போது புதுக் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறாள். லாப்டாப்பை என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறாள். குழந்தையை என் மடியில் போட்டு, "இவனப் பாத்துக்கிட்டா மதி" என்றாள்.

ஒரு கையால் தட்டிக்கொடுத்தபடி எழுதுகிறேன். இவன் கண்ணை மூடமாட்டேன் என்கிறான்.