சிரிச்சது என் குத்தமில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாம இருக்கீங்களா, இங்கே எனக்கு இடுப்புவலி தவிர எல்லாம் நல்லபடிதான், அந்த வலியும் இப்போ கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு.

உன்னை ஏம்மா ஃப்ளைட்டை விட்டு இறக்கினாங்கன்னு ஃபோன்ல கேட்டே, அழுகை வந்து வச்சுட்டேன், இப்போ சொல்றேன். உன்னைப் பார்க்க வரணும்னு அப்பா இருந்தப்போ ரெண்டு டிக்கெட் போட்டோமே, அவர் போனப்புறம் அவரோடதை கேன்சல் பண்ண எனக்கு மனசு வரலை. பக்கத்து சீட்ல அவர் ஸ்வெட்டரை உட்கார வச்சு பெல்ட்டும் போட்டுவிட்டேன். கடைசி நேரத்துல ஒரு தொப்பைக்காரரைக் கூட்டிட்டு வந்து, டிக்கெட்காரர் வரலை, இவர் உட்காரட்டும், ஸ்வெட்டரை மேலே வைங்கன்னு அங்கே வேலை பார்க்கிற பொண்ணு சொல்றா. கட்டின புருஷனைப் பரண்ல போடச் சொல்றியாடின்னு கத்திட்டேன். தொப்பைக்காரர் பாவம், நான் வேணா நின்னுக்கிட்டே வர்றேன்னார். அதுக்குள்ள பைலட் இந்தம்மாவை இறக்குங்கன்னுட்டார். காவல்காரங்க ரெண்டு பேர் வந்து ஆளுக்கொரு கக்கத்துல கையைக் கொடுத்துத் தூக்கினாங்க. உனக்குத்தான் தெரியுமே, எனக்குக் கக்கத்துல கை பட்டா அவ்வளவுதான். சீட் கைப்பிடியில இடுப்பு இடிச்சு உயிர் போகுது, நான் கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டே போறேன். அப்பா போனப்புறம் நான் சிரிச்சது அன்னைக்குத்தான், அதையும் எவனோ வீடியோ எடுத்துட்டான்.

மாடி வீட்டு வக்கீலம்மா கேஸ் போட்டிருக்கா. ஃப்ளைட் கம்பெனிக்காரங்க, தூக்கினது காவல்காரங்கதானேங்கிறாங்க, அவங்க பைலட்டைக் கை காட்டுறாங்க, பைலட் நான் திரும்பிக்கூடப் பார்க்கலைங்கிறார். யார் தூக்கினாலும் கூப்பிட்டுவிட்டவன் பதில் சொல்லணும்னு வக்கீலம்மா பிடிச்ச பிடியா நிக்கிறா. இப்போ புதுசா ஒண்ணு கிளப்புறாங்க, அந்தம்மா சந்தோஷமா சிரிச்சுக்கிட்டே இறங்கினாங்க, இதுல பலவந்தம் எங்கேன்னு. வீடியோவைப் பார்த்துட்டு ஜட்ஜே தலையைச் சொறிஞ்சாராம். அது வெறும் கூச்சம்னு நான் சொன்னதை வக்கீலம்மா நம்பாம என் கக்கத்தைத் தொட்டுப் பார்த்தா, நான் உதைச்ச உதையில காபி பூரா ஃபைல் மேல. ஆனா வக்கீல் தொட்டுப் பார்த்தது செல்லாதாம், வீட்டு ஆளுங்கதான் சொல்லணுமாம்.

மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா, சொன்னா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். கேஸை விடுங்க, இலவச டிக்கெட் தர்றோம்கிறாங்க. நீயும் அதை வாங்கிட்டு வாம்மாங்கிறே. உன்னைப் பார்க்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா. ஆனா உன் பெரியத்தை வாசல்ல நின்னே கேட்டுட்டா, என் தம்பி போய் ஆறு மாசம் ஆகலை, அதுக்குள்ள உனக்கு என்ன சிரிப்புன்னு. அது சிரிப்பில்லைன்னு கோர்ட்டு சொல்லட்டும், அப்புறம் வர்றேன்.

ரெண்டு பேரும் நல்லா இருங்க, வேளைக்குச் சாப்பிடுங்க. அம்மாவுக்குக் கக்கத்துல கூச்சம் ஜாஸ்தின்னு ஒரு தாள்ல எழுதி, கையெழுத்து போட்டு, சீக்கிரம் அனுப்பு. அது தெரிஞ்சது உனக்கும் அப்பாவுக்கும்தான், அவரை இப்போ நான் எங்கேன்னு போய்க் கூட்டிட்டு வர்றது.

இப்படிக்கு,
உன் அம்மா