எழுப்பாமல் விட்ட காலை

அப்பாவுக்கு,

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த நம்பருக்கு உங்களுக்காகப் பேசி, சாத்தூரில் குடியை விட்டவர்கள் கூடும் இடத்துக்குப் போன ஞாயிறு போனேன்.

“அப்பா வரலையாத்தா?” என்றார் ஒருவர். அவர் காதோரம் அலுமினியப் பொடி ஒட்டியிருந்தது.

“அடுத்த வாரம் வருவாக.”

போதையில் தான் படுத்துக் கிடந்த நாளில், தனக்குப் பதிலாகப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கப் போன தம்பி வெடி விபத்தில் செத்ததை அவர் எழுந்து சொன்னார். யாரும் திட்டவில்லை. டீ கொடுத்தார்கள்.

என் முறை வந்தபோது எழுந்து பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அம்மா பட்டாசு ஆலைக்குப் போய்த் திரும்பி வராத அன்றைக்குக் காலையில், முதலில் உங்களைத்தான் எழுப்ப வந்தாள். “எழுப்பினா அடிப்பாக, இன்னைக்கு அவுகளுக்குப் பதிலா நீயே போம்மா” என்றது நான்தான்.

அதை அங்கே சொல்ல நீங்கள் பக்கத்தில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களை நானே எழுப்புகிறேன்.

உங்கள் மகள்