பூச்சிக் குறிப்பேட்டில் தமிழ் வரிகள்

வெரிபீ, ஆஸ்திரேலியா
2.12.2012

அன்பு மகள் சஜிதாவுக்கு,

நீயும் நாகபூசணிச் சித்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு அம்மா எழுதுகிறேன். என் சுகத்தைப் பற்றி மூன்று வருடமாக உனக்கு எழுதியதெல்லாம் பொய், இந்த முறை உள்ளதை எழுதுகிறேன். வியாழக்கிழமை நீ போனில் அழுதுகொண்டு, அம்மா தை வரைக்கும் பொறுங்கோவன், கலியாணம் முடியட்டும், அதுவரைக்கும் அப்பாவோட போய் இருங்கோ என்று கேட்டாய். அம்மா வழக்கை விட்டால்தான் நான் கலியாணத்துக்கு வருவேன் என்று அப்பா சொன்னாராம், தகப்பன் இல்லாத மேடைக்கு எங்கட ஆக்கள் வரமாட்டினம் என்று மாப்பிள்ளை தனுஜனின் தாய் சொன்னாவாம். அதோடு அம்மாவுக்குப் பூச்சிப் பைத்தியம் பிடிச்சிட்டுது, ஞாயிற்றுக்கிழமையில வெள்ளைக்காரரோட காட்டுக்குள்ள திரியிறா, படியில விழுந்து கையை முறிச்சுப்போட்டு என்ர தலையில பழியைப் போடுறா என்றும் அவர் உனக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போது விம்மல்தான் வந்தது. நான் வாய்விட்டுப் பேசத் தெரியாதவள் என்று உனக்குத் தெரியும், எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் எடுத்தவள் என்று பெயர், ஆனால் பல்கலைக்கழகத்தில் வாய்மொழிப் பரீட்சை வந்தால் விடை தெரிந்தும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதனால்தான் கடிதம். முதலில் ஒன்று சொல்கிறேன். நாங்கள் இருந்தது மாடி இல்லாத வீடு, அந்த வீட்டில் எங்கேயும் படி கிடையாது.

உனக்கு ஏழு வயதில் அப்பா வெளிநாடு போனார். உனக்குத் தெரிந்த அப்பா போனில் வந்த குரலும் பெட்டியில் வந்த சொக்லேட்டும்தான், அவரைக் குறைவாக நினைக்கச் சொல்லி நான் உன்னை வளர்க்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் உன்னை ஊரில் சித்தியிடம் விட்டுவிட்டு நான் இங்கே வந்தேன், வந்த இரண்டாம் மாதமே முதல் அடி விழுந்தது. பிறகு அது மழை வெயில் மாதிரி வந்து போனது. நான் கீரையும் முட்டைக்கோவாவும் பொதி பண்ணுகிற கொட்டிலில் வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும், போன வருடம் புரட்டாதியில் நூலகத்தில் ஒரு அறிவித்தல் பார்த்தேன், இந்த நாட்டில் அப்போது தொடங்குகிற வசந்தகாலத்தில் ஞாயிறு தோறும் வெரிபீக்கு வெளியே இருக்கிற புல்வெளியில் நடந்து வண்ணத்துப்பூச்சியும் மற்றப் பூச்சிகளும் எண்ணுகிறார்கள், யாரும் வரலாம் என்று. அப்பா ஞாயிறு பகலில் டாக்ஸி ஓட்டுவார், நான் போனேன். மரமில்லாத வெளி, கறுப்புக் கல்லும் முழங்கால் உயரப் புல்லும், காற்று எந்த நேரமும் அறைந்துகொண்டே இருக்கும். ஹெலன் என்ற பெண்தான் நடத்துகிறா, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. ஆளுக்கொரு குறிப்பேடு தந்தா. திகதி, நேரம், வெயிலா முகிலா, இடம், என்ன பார்த்தாய், எத்தனை என்று கோடு போட்ட பக்கங்கள். காரணத்தை எழுதாதே, பார்த்ததை மட்டும் எழுது என்பதுதான் அவவின் விதி. யாரும் யாரோடும் பேசத் தேவையில்லாத ஒரு கூட்டம், எனக்கென்றே செய்த மாதிரி இருந்தது. விரல் நகம் அளவு நீல வண்ணத்துப்பூச்சிகள் புல்லுக்குள் இருந்து கிளம்பும், செம்மஞ்சளில் கறுப்புப் புள்ளி போட்டவை கல்லில் செட்டையை விரித்து வெயில் காயும். அழகென்று நினைக்காதே பிள்ளை, குனிந்து பார்த்தால் அந்த வெளி முழுக்கக் கொலைதான். கூன் விழுந்த ஒரு ஈ இருக்கிறது, பறக்கிற பூச்சியைப் பாய்ந்து பிடித்துக் கழுத்துக்குப் பின்னால் ஊசி வாயைக் குத்தி உள்ளே இருப்பதைக் கரைத்துக் குடிக்கும். கோவா இலை தின்கிற மயிர்க்கொட்டிப் புழுவின் தோலைக் கிழித்துக்கொண்டு முப்பது குளவிப் புழுக்கள் வெளியே வரும், வந்து அதன் பக்கத்திலேயே மஞ்சள் கூடு கட்டும், அதுவரைக்கும் அந்த மயிர்க்கொட்டி உயிரோடு இருக்கும். பார்க்கலாம், கையை நீட்டக் கூடாது என்பதும் அங்கே ஒரு விதி. அது எனக்குப் பழகிய விதிதான், எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார்கள்.

பார்த்ததை எழுதிப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. இந்த வருடம் ஆவணியில் ஒரு நாள் குசினியில் விழுந்து கிடந்தபோது மணிக்கூட்டைப் பார்த்தேன், எழும்பிப் போய் அதே ஏட்டில் அதே கோடுகளுக்குள் எழுதினேன். பூச்சிகளை இங்கிலிஷில் எழுதுவேன், இதைத் தமிழில். பிறகு எழுதிய ஒரு வரி இப்படி, செப்ரெம்பர் 23, மாலை 6.10, முகில், குசினி, கதவில் தலை, ஒரு முறை. காரணம் எழுதவில்லை, விதிப்படி. இப்படி இருபத்துமூன்று வரி சேர்ந்தது. ஒக்டோபர் கடைசியில் கணினியில் பதியவேண்டும் என்று ஹெலன் எல்லோருடைய ஏட்டையும் கேட்டா, நான் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். தமிழை அவ வாசிக்கப்போகிறாவா என்ற நினைப்பு. அவவோ ஒரு பூச்சியையும் விடாத மனுசி. திகதி, நேரம், எண்ணிக்கை எல்லாம் சரியாக இருக்கிறதே, இவள் தன் பாஷையிலும் பூச்சி எழுதியிருக்கிறாள், அது வீணாகக் கூடாது என்று அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடைக்கே போயிருக்கிறா. அங்கே கதிரையில் இருந்தவர் அரியரத்தினம் அங்கிள், அப்பாவோடு கோயில் கமிட்டியில் இருப்பவர், நீ கூட ஒருமுறை ஸ்கைப்பில் அவரோடு கதைத்தாய். அவர் இரண்டு பக்கத்தையும் ஆறுதலாக வாசித்துவிட்டு, இது சமையல் குறிப்பு மேடம் என்று சொல்லி அவவை அனுப்பிவிட்டு, பிரதியைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

நொவெம்பர் பத்து, சனிக்கிழமை பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்தார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அப்பாவிடம், பாலன், உன்ர மனுசி உன்னைப் பற்றி எழுதி வெள்ளைக்காரியின்ர கையில குடுத்திருக்கிறா, நல்லகாலம் என்னட்ட வந்தது என்று கடதாசியை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்து, தங்கச்சி, வீட்டு விசயம் வீட்டுக்குள்ள இருக்கவேணும், படிச்ச பிள்ளைக்கு நான் சொல்லத் தேவையில்லை என்றார். அப்பாவைப் பார்த்து, கோபப்படாத, கதைச்சு முடி, நான் போட்டு வாறன் என்று எழும்பினார். போகும்போது கதவை அவரே இழுத்துச் சாத்தினார், அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அப்பா சத்தம் போடவில்லை மகள். கடதாசியை எடுத்து முதல் வரியை வாசித்தார். ஓகஸ்ட் 19, குசினி, கன்னத்தில் இரண்டு. எப்பிடி அடிச்சனான், இப்பிடியோ, சரியா எழுதியிருக்கிறியோ பாப்பம் என்று இரண்டு அடித்தார். பிறகு அடுத்த வரி. எழுதியிருந்த இடத்துக்கே தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார், குசினி என்றால் குசினி, குளியலறை என்றால் குளியலறை. வாசிப்பார், செய்வார், சரியோ என்று கேட்பார், நான் ஓம் என்று சொல்லும் வரைக்கும் அடுத்த வரிக்குப் போகமாட்டார். கதவில் தலை வந்தபோது கண் இருண்டது. பதினான்காவது வரி, கையை முறுக்கியது, அதில் இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் அவருக்கும் கேட்டது, அங்கேதான் நிறுத்தினார். கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மிச்சத்துக்கு நாளைக்கு வாறன் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

விடிய அவர் டாக்ஸிக்குப் போனதும் கையைச் சேலைத் துண்டால் கட்டிக்கொண்டு நான் புல்வெளிக்குப் போனேன். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று பொலிஸும் கேட்டார்கள். ஞாயிறு காலையில் எனக்குப் போகத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். ஹெலன் தூரத்தில் வரும்போதே ஏட்டை நீட்டிக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னா, உன்னுடைய சமையல் குறிப்புகளை மட்டும் நான் பதியவில்லை, ஒரு நாள் அதிலே ஒன்றைச் செய்து பார்க்கவேண்டும் என்று. எட்டுப்பேர் சுற்றி நின்றார்கள். அது சமையல் குறிப்பு இல்லை, என் புருஷன் என்னை அடித்த நாட்கள் என்று இங்கிலிஷில் சொன்னேன், காற்றுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். ஹெலன் ஏட்டைத் திறந்தா, மூடினா, பிறகு அவவின் காரில் என்னை ஏற்றினா. மிச்சம் ஆஸ்பத்திரி, பொலிஸ், எக்ஸ்ரே. இப்போது அவவின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். இடது கையில் பிளாஸ்டர், இரண்டு விலாவில் வெடிப்பு, வலதுகை நல்ல சுகம், எழுத்தைப் பார்த்தே நீ அறிந்திருப்பாய். அப்பா என் பக்கம் வரக்கூடாது என்று பொலிஸ் தடை வாங்கியிருக்கிறார்கள், பதினான்காம் திகதி நான் நீதிமன்றத்தில் நின்று அது தொடரவேண்டும் என்று சொல்லவேண்டும். நேற்று அரியரத்தினம் அங்கிளின் மனைவி பவளம் அன்ரி கொட்டில் வாசலில் வந்து நின்று, பொம்பிளைப் பிள்ளையின்ர வாழ்க்கையை யோசிச்சியோ நிரஞ்சினி என்று கேட்டா. யோசித்தேன் அன்ரி என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் சீட்டு ஒட்டுகிற வேலைக்குப் போனேன்.

அதனால் என் பதில் இது. நான் திரும்பிப் போகமாட்டேன், தை வரைக்கும் இல்லை, ஒரு பின்னேரத்துக்கும் இல்லை. அந்தக் கடதாசியில் அவருக்கு இன்னும் ஒன்பது வரி மிச்சம் இருக்கிறது. அவர் வராவிட்டால் சித்தியும் சித்தப்பாவும் உன்னைத் தாரைவார்த்துக் கொடுக்கட்டும். நான் எப்படியும் வருவேன், மேடையில் நிற்கக் கூடாது என்றால் பின்வரிசையில் இருப்பேன், அதையும் கூடாது என்றால் வெளியில் நின்று உன்னைப் பார்த்துவிட்டுப் போவேன், அதற்காக உன்னோடு கோபிக்கமாட்டேன். ஆனால் சஜிதா, அன்றைக்கு நான் விம்மியபோது நீ என்னைத் தேற்றுவதற்காக, விடுங்கோ அம்மா, கைநீட்டுறவை பிறகு தாங்களே அழுவினம், கொஞ்சம் பேசாமல் இருந்தால் சரியாயிடும் என்று சொன்னாய். மூன்று நாளாக எனக்கு நித்திரை இல்லை. நீ அப்பாவோடு இருந்து வளரவில்லை. சித்தப்பா சித்தியை ஒரு சொல் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. பிறகு அழுவார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்? யார் அழுததைப் பார்த்தாய்?

இதற்குப் போனில் பதில் சொல்லாதே, பக்கத்தில் யாராவது நிற்பார்கள். இரும்புச்சத்துக் குளிசையை விடாமல் போடு, மெலிந்த குரலாகக் கேட்கிறது. அம்மாவின் உயிரெல்லாம் நீ, நீ எங்கே இருந்தாலும் ஒருவரும் உன்னை நோகடிக்காமல் நூறு வருடம் இருக்கவேண்டும் என்று கும்பிடுகிறேன். கேட்டதற்கு உள்ளதை எழுது. எழுதக் கை வராவிட்டால் ஹெலன் வீட்டு விலாசத்தை எழுதி முத்திரை ஒட்டி வெறும் உறையை அனுப்பு, எனக்கு விளங்கும். நீதிமன்றம் முடிந்த அடுத்த நாளே பிளேன் ஏறுவேன், தைக்குக் காத்திருக்கமாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
நிரஞ்சினி