எகெய்ரே என்றால் பாங்குன்

இன்று காலை பாயான் லெப்பாஸ் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் யாரோ ஜாதிக்காய்த் தைலம் தேய்த்திருந்தார்கள். பாதித் தூக்கத்தில் இருந்த நான் சன்னல் பக்கம் திரும்பி, "மறுபடியும் தலைவலியா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். அங்கே உட்கார்ந்திருந்த இந்தோனேசியப் பெண் மிரண்டுபோய்ப் பார்த்தாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் பேச வேண்டியதை எல்லாம் ஊராரிடம் பேசிக்கொண்டிருக்க முடியாது.

சுங்கை பினாங்கில் ஏறியதும் தூங்கிவிடுவேன் நான். தொழிற்சாலை வாசலில் டிரைவர் "பாங்குன், பாங்குன்!" என்று மலாயில் எல்லாரையும் எழுப்புவார். எனக்கு அது உறைக்காது. நீ என் கையைப் பிடித்து உலுக்கி, "எழுந்திரு லா, எடம் வந்துருச்சு" என்றால்தான் கண் திறக்கும்.

உங்கள் தேவாலயத்தில் சனிக்கிழமை கிரேக்க வகுப்பு தொடங்கியதும் என் தூக்கத்துக்குக் கேடு வந்தது. வாரமெல்லாம் சிப் சோதித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது போதாதென்று நீ அந்தக் கோழிக்கிறுக்கலையும் படித்தாய். திங்கட்கிழமை பஸ்ஸில் எனக்குப் புதுச் சொல் காத்திருக்கும். பிழைப்பு நடத்தும் வாழ்க்கைக்கு 'பியோஸ்' என்பாய், கடவுள் தரும் உயிருக்கு 'ஸோயே' என்பாய். தமிழ் பைபிளில் நித்திய ஜீவன் என்று இருப்பது மூலமான கிரேக்கத்தில் 'ஸோயே அயோனியோஸ்' என்றாய்.

"முடிவே இல்லாம வாழணுமா? முடியாத ஓவர்டைம் மாதிரில்ல இருக்கு. எனக்கு வேணாம் லா," என்றேன்.

"நீளத்த மட்டும் சொல்லலடி. வரப்போற காலத்தோட உயிரு, இப்பவே கொஞ்சம் கெடைக்குது. குவாண்டிட்டி இல்ல, குவாலிட்டி. கியூசி வேல பாக்குற, இதுகூட புரியலையா?"

நான் அம்மனுக்குச் சூடம் ஏற்றுகிறவள். எனக்குத் தெரிந்த மறுபிறப்பில் உடம்பு வேறு, வீடு வேறு. நீ சொன்ன 'அனஸ்தாஸிஸ்' அப்படி இல்லை. விழுந்த அதே ஆள் மறுபடி எழுந்து நிற்பது என்றாய். "அப்ப இதே தலைவலியோடதான் எழும்புவியா?" என்று கேட்டேன். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது.

உனக்கு ரொம்பப் பிடித்த சொல் 'எகெய்ரே'. செத்துப்போன ஒரு சிறுமியின் கையைப் பிடித்து இயேசு சொன்ன வார்த்தை என்றாய். "பெரிய மந்திரமெல்லாம் இல்லடி. காலைல புள்ளைய எழுப்புற சொல்லுதான். நம்ம டிரைவரு கத்துறாரே பாங்குன், அதேதான்."

அந்தத் தலைவலி தைலத்துக்கு அடங்குகிற வலி இல்லை என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரியில், நான் அண்ணன் என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரர் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் பார்த்து என்னைக் கிட்டே வரச் சொன்னாய். உங்கள் போதகரிடம் கேட்க முடியாததை என்னிடம் கேட்டாய்.

"தூங்குறதுக்கு பயமில்லடி. எழுப்ப மறந்துட்டாருன்னா?"

கிரேக்கம் படித்தவள் நீ. நான் என்னத்தைச் சொல்ல? "நான் வந்து எழுப்புறேன். இத்தன வருஷமா நீ எழுப்புனல்ல," என்றேன். நானே நம்பாத ஒன்றைத்தான் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "மறந்துறாத லா," என்றாய். அன்றைக்கு நீ நிம்மதியாகத் தூங்கியதாக அண்ணன் பிறகு சொன்னார்.

போன ஞாயிறு அண்ணனோடு உன் கல்லறைக்குப் போனேன். கல் வைத்துவிட்டார்கள். உன் பெயருக்குக் கீழே, நித்திரையடைந்தாள் என்று ஒரு வரி. அண்ணன் பூவை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனார்.

உன் நம்பிக்கை எனக்கு இன்னும் வரவில்லை. வந்துவிட்டதாகச் சொன்னால் நீயே சிரிப்பாய். ஆனால் உனக்குக் கொடுத்த வாக்கு என்னிடம் அப்படியே இருக்கிறது, நான் இருக்கும்வரை இருக்கும். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குனிந்து கல்லில் கை வைத்தேன். வெயிலில் சூடேறியிருந்தது. கிரேக்கத்தில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் போயிருந்தேன். வாயில் வந்தது வேறு.

"எழுந்திரு லா," என்றேன். "எடம் வந்துருச்சு."