அப்பா பிடித்து வைத்த இடம்

மாமா வீடு, மாடி அறை
மே 3

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலமாக வந்து சேர்ந்தோம். இந்தப் பயணத்தில் நடப்பதையெல்லாம் கூட்டாமல் குறைக்காமல் உங்களுக்கு உள்ளது உள்ளபடி எழுதுவேன். விமான நிலைய வாசலில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுடி, நீங்க போய்ட்டு வாங்க" என்று திரும்பி நடந்தபோதே எடுத்த முடிவு இது. பார்க்காமல் விட்டதை நீங்கள் படித்தாவது பார்க்க வேண்டும்.

விமானத்தில் ஏறியதும் அப்பா முதலில் இருக்கையைத்தான் அமுக்கிப் பார்த்தார். பஸ்ஸுக்கு இருக்கை தைக்கிற கை வேறு என்ன செய்யும்? "பஞ்சு பரவாயில்ல, தையல்தான் அவசரத் தையல்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையாட்டினார். நம் வீட்டு வக்கீலான தம்பி வழக்கம்போல் வாதாட ஆரம்பித்துவிட்டான். ஜன்னல் இருக்கை தனக்குத்தான் என்பதற்கு அவன் சொன்ன காரணங்கள் முடிவதற்குள் கீழே மேகம் வந்துவிட்டது.

மாமாவின் வீடு குறுகலான தெருவில், ஒரு சலவைக் கடைக்கு மேலே இருக்கிறது. எங்கள் அறையின் தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். ஜன்னலைத் திறந்தால் சோப்பு வாசனை. மாமா காலையிலேயே கிடங்கு வேலைக்குப் போய்விடுகிறார். நீங்கள் எழுதிக் கொடுத்த கால அட்டவணையை அம்மா சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஆனால் "கிளம்பு, கிளம்பு" என்று விரட்ட நீங்கள் இல்லாததால் தினமும் பஸ்ஸைத் தவற விடுகிறோம். நேற்று அது எங்கள் கண்ணெதிரிலேயே போனது. "அண்ணி இருந்திருந்தா அந்த பஸ்ஸு நின்னிருக்கும்" என்றாள் அம்மா.

உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதியாக வேண்டும். அப்பாவுக்கு உங்கள் மேல் கோபம். "வலியாம், வலி. நம்மகூட வரப் பிடிக்கல. இனிமே எங்கேயும் அவளைக் கூப்பிட மாட்டேன்" என்றார். அம்மா உங்களோடு போனில் பேசினால் குளியலறைக்குள் போய்விடுகிறார். தண்ணீர்ச் சத்தம் மட்டும் வருவதில்லை.

உங்கள் அன்பு மருமகள்,
பண்டிதை


பஸ் டெப்போ, நேரக் காப்பாளர் அறை
மே 10

என் செல்ல மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. வண்டிகளை அனுப்பிவிட்டுப் படித்தேன். பிறகு இன்னொரு தரமும் படித்தேன். நீ உள்ளதை எழுதியதற்குச் சந்தோஷம்தான். உன் அப்பன் சொன்னதுதான் தொண்டையில் நிற்கிறது.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்கு வயிற்று வலி இல்லை. இத்தனை வருஷமாக ஓட்டுநரின் முகத்தைப் பார்க்காமல் நான் ஒரு வண்டியையும் வெளியே விட்டதில்லை. கண் சிவந்திருக்கிறதா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறானா, சாப்பிட்டானா, எல்லாம் முகத்திலேயே தெரிந்துவிடும். அன்றைக்கு விமான நிலையத்தில் சீருடை போட்ட ஒரு பெண்ணிடம், "பிளேனை ஓட்டுறவரை ஒரு தடவை பார்க்கலாமாம்மா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்றவளையும் கூப்பிட்டுச் சொல்லி, இரண்டு பேருமாகச் சிரித்தார்கள். முகம் தெரியாதவனை நம்பி எப்படி ஏறுவது? அதைவிட, ஊரையே அதட்டுகிறவள் பயந்துபோய் நின்றதை என் தம்பியிடம் எந்த வாயால் சொல்வது? அதனால்தான் வலி என்றேன். அப்பாவிடம் சொல்லாதே.

அவன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. டெப்போவுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு காலியாக இருக்கிறது. சாவி வாங்கிப் பார்த்தேன். காற்றோட்டமாகத்தான் இருக்கிறது. நீங்கள் வருவதற்குள் என் சாமான்களை அங்கே கொண்டுபோய் விடலாம் என்று நினைக்கிறேன். கூப்பிட மாட்டேன் என்பவனுக்கு தினமும் எதிரே போய் நின்று சங்கடம் கொடுப்பானேன்?

வக்கீலைக் கடல் பக்கம் தனியாக விடாதே.

அன்புடன்,
அத்தை


மாமா வீடு
மே 17

அன்புள்ள அத்தைக்கு,

தயவுசெய்து ஒரு பாத்திரத்தைக்கூட நகர்த்தாதீர்கள். போன கடிதத்தில் அப்பா சொன்னதை எழுதினேனே தவிர, செய்ததை எழுதவில்லை. அது பாதி உண்மைதான். மீதியை இப்போது எழுதுகிறேன்.

கலங்கரை விளக்கத்துக்கு நாங்கள் நாலு பேரும் படகில் போன அன்று அப்பா ஐந்து டிக்கெட் வாங்கினார். படகுக்காரர் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு ஐந்தாவது ஆளைக் காணோமே என்று காத்திருந்தார். படகிலிருந்த எல்லோரும் காத்திருந்தார்கள். "ஐயையோ" என்று அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுநாள் உணவுக் கடையில் ஐந்து தட்டு சொன்னார். ஐந்தாவதை வக்கீல் சாப்பிட்டான். அதற்கு அடுத்த நாளும் அதேதான். எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்து இடத்தில் கைக்குட்டையைப் போட்டுவிடுகிறார். போட்டோ எடுக்கும்போது, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று எங்களைத் தள்ளித் தள்ளி நிறுத்துகிறார். எல்லாப் படத்திலும் இடது ஓரம் காலியாக இருக்கிறது. நீங்கள் எப்போதும் நிற்கும் இடம் அது.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் அழுததை அப்பா பார்த்துவிட்டார்.

"என்ன எழுதியிருக்கா?"

"சொல்லக்கூடாதுன்னு எழுதியிருக்காங்கப்பா. எனக்குப் பொய் சொல்ல வராது. நீங்களே கேட்டுக்கங்க."

அப்பா கொஞ்ச நேரம் மாமாவின் கிழிந்த நாற்காலியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார். நீங்கள் பேசியது உங்களுக்குத் தெரியும். அதனால் இந்தப் பக்கம் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். "பூனை சாப்பிட்டுச்சா, தொட்டியில தண்ணி இருக்கா" என்று கேட்கும்போது நின்றுகொண்டிருந்தார். அப்புறம் நீங்கள் பேசினீர்கள். அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "லூசாக்கா நீ? டிரைவரைப் பார்க்கணும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவர் வர்ற வரைக்கும் உன்கூட நின்னிருக்க மாட்டேனா? பிளேன் போனா போகட்டும்" என்றபோது அவர் குரல் உடைந்தது. "எந்த வீடு? காற்றோட்டமாவது ஒண்ணாவது. மரியாதையா சாவியைத் திருப்பிக் குடுத்துடு" என்றபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போனை வைத்த பிறகு அப்பா மாமாவிடம் ஊசியும் நூலும் கேட்டு, அந்த நாற்காலியைத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

நீங்கள் வேண்டாம் என்றதை நான் சொல்லவில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை. இது தவறு என்றால் மன்னியுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
பண்டிதை


வீடு
மே 23

என் செல்லப் பண்டிதைக்கு,

மேலே நான் எழுதியிருக்கும் முகவரியைப் பார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ செய்தது தவறு இல்லை. நீ அழாமல் இருந்திருந்தால், நாங்கள் இரண்டு பேரும் இன்னும் நாலு வருஷம் முறைத்துக்கொண்டு திரிந்திருப்போம்.

ஐந்தாவது தட்டை வக்கீல் சாப்பிட்டது செரித்ததா?

ஒரே ஒரு வேலை தருகிறேன். திரும்பும்போது வண்டியை ஓட்டுகிறவரின் முகத்தை எனக்காக நன்றாகப் பார்த்துவிட்டு ஏறு. கண் சிவந்திருந்தால் ஏறாதே. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

வாசலில் காத்திருக்கும்,
அத்தை


விமானம், ஜன்னல் இருக்கை
மே 30

அன்புள்ள அத்தைக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நேரில் உங்கள் கையில் தருவேன்.

சொன்ன வேலையைச் செய்துவிட்டேன். கதவருகில் விமானி நின்று எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் நின்றுவிட்டேன். பின்னால் வரிசை தேங்கியது. "நடடி" என்று வக்கீல் முதுகில் குத்தினான். பள்ளியில் படித்த ஆங்கிலத்தில், "எங்கள் அத்தை உங்கள் முகத்தைப் பார்த்து வரச் சொன்னார்" என்றேன். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, எனக்கு நன்றாகத் தெரியும்படி குனிந்தார். கண் சிவப்பு இல்லை. ஒழுங்காகச் சவரம் செய்திருக்கிறார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றார். உங்கள் அத்தை யார் என்று கேட்டார். பஸ் டெப்போவில் நேரம் பார்ப்பவர் என்றேன். "அப்படியானால் நான் தாமதமாகக் கிளம்பக் கூடாது" என்றார். அப்பா அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், "சீட்டெல்லாம் நல்லா இருக்குங்க" என்று தமிழில் சொன்னார்.

நீங்கள் பார்த்திருந்தால் அவர் வண்டியை வெளியே விட்டிருப்பீர்கள், அத்தை.

நிறைய இடம் காலியாக இருக்கிறது. அப்பா தன் பக்கத்து இருக்கையை அமுக்கிச் சரிசெய்து, கைக்குட்டையைப் போட்டார். பின்வரிசைக்காரர் அங்கே வந்து உட்காரப் பார்த்தார். அப்பா கையை அசைத்து, "ஆள் வருது" என்றார். அவரும் நம்பிப் போய்விட்டார்.

"யாருங்க வரப்போறா?" என்று அம்மா கேட்டாள்.

"அடுத்த தடவை வருவா" என்றார் அப்பா. "பிளேன்ல ஏறலன்னா ரயில்ல போவோம். இன்ஜின் டிரைவரைப் பார்க்க நானே கூட்டிட்டுப் போறேன்."

இந்த விடுமுறைக்காக நான் எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மாமாவுக்கு, சூடான தரைக்கு, காத்திருந்த படகுக்காரருக்கு. எல்லோரையும்விட அதிகமாக உங்களுக்கு. நீங்கள் வரவில்லை. ஆனாலும் ஒரு நாள்கூட நாங்கள் நாலு பேராக இருக்கவில்லை.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. விமானம் சொன்ன நேரத்துக்கு நகரத் தொடங்கிவிட்டது. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.