முபஷ்ஷிரா பெயரில் போன ரத்தம்

அன்புள்ள புஷ்ரா ஆபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பேரணாம்பட்டில் நாங்கள் அல்லாஹ் கிருபையில் இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் உன் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும். அம்மி சொல்லச் சொல்ல உன் தங்கை முபஷ்ஷிரா எழுதுகிறேன். போனில் பேசினால் வீடே கேட்கும் என்று, எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். தம்பி யாசிர் இப்போது சுவரைப் பிடித்தும் எழுந்திருப்பதில்லை, வாய்க்கு மட்டும் குறைவில்லை. நேற்று நீ அனுப்பிய குரல் செய்தியை எல்லோரும் கேட்டோம். உருவம் தெரிந்த புரதங்களில் எது எதை எந்த இடத்தில் தொடுகிறது என்று நீங்கள் சேர்த்துவைக்கும் தகவல் தளத்தில் யாசிரின் கோளாறைத் தேடினாய், தசையில் இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடமே அவனுக்கு மாறியிருக்கிறது என்றாய். வேலூர் சோதனைப்படி, எனக்குப் பேசியிருக்கும் மாமா மகன் சமீருல்லா மச்சான் ரத்தத்திலும் அது மறைந்திருக்கிறது, ஆனால் இருவரிடமும் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு ஆபத்து, முபஷ்ஷிராவுக்கு இல்லவே இல்லை, நிக்காஹுக்குத் தேதி வையுங்கள் என்று சிரித்தாய். நான் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டேன். அம்மி மட்டும் யாசிரின் சோற்றுத் தட்டோடு அப்படியே நின்றிருந்தார்.

இன்று காலை என்னை உட்காரவைத்து, "உன் மூஞ்சப் பாத்து சொல்ல முடியல, ஆபாவுக்கு எழுதறப்ப நீயும் தெரிஞ்சிக்க" என்றார். அம்மி சொல்வது இதுதான். புஷ்ரா, அந்தச் சோதனைக்கு வேலூரில் கொடுத்த ரத்தம் உன் தங்கையுடையது இல்லை. கல்யாணமாகாத பெண்ணை வேலூர் வரை கூட்டிப்போய் ரத்தம் எடுத்தால் தெருவில் என்ன சீக்கு என்றுதான் கேட்பார்கள் என்று பயந்து, என் தங்கை ஜஹீருன்னிசாவை புர்கா போட்டு இவள் பெயரில் அனுப்பினேன். "ஒரே வூட்டு ரத்தம்தான, யார் குடுத்தா இன்னா. உன் பொண்ணு அங்க புரதத்துக்கெல்லாம் ஜோடி பாக்குறா, கூடப் பொறந்தவளுக்கு மட்டும் டெஸ்டா" என்று அவள் சிரித்தாள், நானும் சிரித்துவிட்டேன்.

எனக்கு இது தெரியவே தெரியாது ஆபா. போன மாதம் காய்ச்சலுக்கு எடுத்த ரத்தத்தைத்தான் வேலூருக்கு அனுப்பினார்கள் என்று நம்பியிருந்தேன். அம்மி உன் மேல் ஆணையிட்டு யாரிடமும் சொல்லாதே என்றார். ஒன்பதாவதோடு நின்றவள் நான், நீ அனுப்பும் புரதப் படங்கள் எனக்குப் புரியாது, ஆனால் மச்சானிடம் மறைப்பது தப்பு என்று புரிந்தது. சலாமுக்கு மேல் அவரிடம் பேசியதே இல்லை, நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை நானே வேலூர் போய் ரத்தம் கொடுக்கப்போகிறேன் என்றும் சொன்னேன். அவர், "திங்கக்கிழமை எத்தன மணி பஸ்ஸு, நானும் வர்றேன்" என்றார்.

ரிசல்ட் வரும்வரை கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று மாமாவிடம் நீ பேசு, நீ சொன்னால்தான் கேட்பார். அம்மியைத் திட்டாதே, நேற்றிலிருந்து அவர் சாப்பிடவில்லை. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும் என்று அம்மி துஆ செய்கிறார். ரிசல்ட் எப்படி வந்தாலும் முதலில் எனக்குச் சொல், அம்மிக்கு அப்புறம் சொல்லலாம்.

இப்படிக்கு,
அம்மி சொல்ல எழுதிய
முபஷ்ஷிரா