மாதா கால் வைத்த மண்

1964 அக்டோபர் 3, சனி

மழை ஓய்ந்ததும் இந்த வெயில். குழாயில் தண்ணீர் வரவில்லை. நாளைக்கு வசாய்ப் பக்கம் மலைக்குப் போகிறார்கள், சிலுவை நட்ட மூன்று குருசடிக்கும். தாராவியில் நம்ம சந்து முழுக்க. எனக்கு இஷ்டம் இல்லை. கோயில் உபதேசியார் வாசலில் நின்று, "ஏட்டி, உன் வீட்டுக்காரனுக்காவது ஏறு. வருசம் திரும்பிட்டு, அவன் ஆத்துமா அங்கதான் அலையுது" என்றார். காபி கொடுக்கவில்லை.

எடுத்து வைத்தது: புளிச்சோறு. மெழுகுதிரி. என் வீட்டுக்காரர் செருப்பு.

அக். 4, ஞாயிறு

எல்லோரும் வெறுங்கால். அதுதான் நேர்ச்சை முறை. முதல் குருசடியில் பாம்பு கல்லான கதை. இரண்டாவதில் மாதா ராத்திரி ஊரைச் சுற்றி வந்ததும் விடிந்தால் சேலையில் முள் இருந்ததும். சுவரெல்லாம் வௌவால் எச்சம். மூன்றாவதில் பாறையில் மாதாவின் கால்தடம். அதன் அடியில் மண். எந்தப் புண்ணும் ஆறுமாம்.

இந்த வருஷம் புதுக் கதை ஒன்று சேர்ந்திருக்கிறது. உபதேசியார் சொல்கிறார்: "போன வருசம் ஒருத்தன் செருப்புக் காலோட இந்தத் தடத்த மிதிச்சான். வாரம் திரும்பல. வாய் பூட்டிச் செத்தான்."

பேர் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் செருப்போடு ஏறினார், நிஜம். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று உள்ளங்கால் வெடித்த மனுஷர். தடத்தை மிதிக்கவே இல்லை, தள்ளி உட்கார்ந்து பீடி குடித்தார். அந்த வெடிப்பில் இந்த மண்ணை எண்ணெயில் குழைத்து அப்பியது இதே உபதேசியார். ஆஸ்பத்திரியில் டாக்டர் "மிட்டி கிஸ்னே லகாயா?" என்று கத்தினார், மண் பூசினது யாரென்று. அப்போது இவர் ஜெபமாலை உருட்டிக்கொண்டு நின்றார்.

இறங்கும்போது அவர் செருப்பைப் போட்டுக்கொண்டேன். பெரிசு. டப் டப்.

"கழட்டுட்டி! கோயில் எல்லை!" என்றார் உபதேசியார்.

"கழட்ட மாட்டேன். எனக்கும் ஒரு கதை கட்டும்."

பக்கத்து வீட்டு ரோசம்மா துருப்பிடித்த தகரத்தில் காலைக் கிழித்துக்கொண்டாள். நல்ல ரத்தம். உபதேசியார் மண் பொட்டலம் கொடுத்தார். "வேண்டாம்" என்று கத்தினேன். "துக்கத்துல பேசுதா" என்றார்.

அக். 5, திங்கள்

காலையில் ரோசம்மா வீடு. அந்த மண்ணைப் பூசியிருக்கிறாள். கால் வீங்கி, நாற்றம். கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அழுதாள்.

"மாதா கோவிப்பாளே யக்கா."

"கோவிச்சா என்னையக் கோவிக்கட்டும். நடட்டி."

பஸ். அதே ஆஸ்பத்திரி, அதே பினாயில் வாடை. அவர் கிடந்த வராந்தாவைப் பார்க்காமல் நடந்தேன். வாய் பூட்டாமலிருக்க ஊசி போட்டார்கள். கட்டுப் போட்டார்கள்.

அக். 11, ஞாயிறு

பூசை முடிந்து உபதேசியார் சாட்சி சொல்ல ரோசம்மாவைக் கூப்பிட்டார். எழுந்து நின்றாள். கட்டு தெரியாமல் சேலையை இறக்கி விட்டிருந்தாள்.

"மாதா மண்ணு போட்டேன். புண்ணு ஆறிட்டு."

"மரியே வாழ்க!" என்று சத்தம். ஒருத்தி என்னிடமே திரும்பி, "பாத்தியா?" என்கிறாள். வெளியே போய்த் துப்பினேன்.

பின்னாலேயே நொண்டி வந்தாள் ரோசம்மா. முகத்தைப் பார்க்கவில்லை. "யக்கா, அவிய சொல்லச் சொன்னாவ. நா என்ன செய்ய? நாளைக்குக் கட்டு மாத்தணும். தனியாப் போகப் பயமாருக்கு."

ஓங்கி ஒன்று போடலாம் போல இருந்தது.

வெறுங்காலோடு வராதே, அவர் செருப்பு கிடக்கிறது, போட்டுக்கொள் என்றேன்.